ஹைட்ரஜனுக்கு ஒரு நிலவறை உண்டா?

பிப்ரவரியில் இரவு பத்து மணிக்கு மேல் எண்ணூரின் நெட்டுக்குப்பம் மணலில் தெற்கே பார்த்து நின்றால், சென்னையின் விளக்கு வெளிச்சத்தையும் மீறி இரண்டு நட்சத்திரங்கள் கண்ணில் படும். உயரத்தில் சிரியஸ், அதற்கு வெகு கீழே அகத்தியர் நட்சத்திரம். அந்த இரண்டுக்கும் இடப்பக்கம், கடல் இருக்கும் திசையில், நீல வெளுப்பில் இன்னொன்று இருக்கிறது. அவற்றின் அளவுக்குப் பிரகாசம் கிடையாது; கொஞ்சம் தேட வேண்டும். ஜீட்டா பப்பிஸ் என்று பெயர். பப்பிஸ் என்றால் கப்பலின் பின்பகுதி, கடலோர மக்கள் அமரம் என்கிறார்களே, அது.

1896-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் எட்வர்டு பிக்கரிங் இந்த நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு புதிர் எழுந்தது. ஹைட்ரஜனுக்கு உரிய நிறக்கோடுகள் இருந்தன. அந்தக் கோடுகளுக்கு நடுவே, இடைவெளி விட்டு, யாரும் பார்த்திராத இன்னொரு வரிசைக் கோடுகளும் இருந்தன. ஹைட்ரஜன் கோடுகளின் கணக்கு 3, 4, 5 என்று முழு எண்களில் நடக்கும். புதிய கோடுகளுக்கு 2½, 3½, 4½ என்று அரை எண்களைப் போட்டால் கணக்கு அழகாகப் பொருந்தியது. நாம் அறியாத ஏதோ ஒரு நிலையில் இருக்கும் ஹைட்ரஜன்தான் அது என்று அன்றைய பெரிய தலைகளே நம்பினார்கள். பதினேழு ஆண்டுகள் அந்த நம்பிக்கை நீடித்தது.

இன்று அதே ஹைட்ரஜனைப் பற்றி, அதே மாதிரி பின்ன எண்களை வைத்துக்கொண்டு, வேறொரு கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறது. இயற்பியலின் மையநீரோட்டம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் இந்தியாவுக்கும் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பாடப்புத்தகம் சொல்லும் அடித்தளத்துக்குக் கீழே ஹைட்ரஜனுக்கு ஒரு நிலவறை இருக்கிறது, அதற்குள் எலக்ட்ரானை இறக்கிவிட்டால் பெட்ரோலும் நிலக்கரியும் கொடுக்காத ஆற்றல் வெளியே வரும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

நெட்டுக்குப்பத்தில் நின்று கேட்கும்போது இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருப்பதில்லை. வடக்கே, கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால், வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் இருந்த இடமும் பக்கத்தில்தான். தமிழ்நாட்டு வீடுகளில் விளக்கெரிந்த காலமெல்லாம் இவற்றின் சாம்பல் இந்தக் கழிமுகத்தில் படிந்தது. இறால் பிடிக்க ஆற்றில் இறங்குகிறவர்களின் கால் புதைவது பல இடங்களில் சேற்றில் அல்ல, சாம்பலில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இங்கே வலைகளிலும் படகுகளிலும் அப்பிக்கொண்டது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, கடலுக்கடியில் போகும் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கைக்குழந்தைகளோடு தெருவில் ஓடினார்கள். அம்மோனியா என்பது ஒரு நைட்ரஜனோடு மூன்று ஹைட்ரஜன் சேர்ந்தது. தென்மேற்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலை டீசலில் உள்ள கந்தகத்தை நீக்க ஹைட்ரஜனைத்தான் பயன்படுத்துகிறது. அங்குள்ள உரத் தொழிற்சாலை, முன்பு நாப்தாவிலிருந்தும் இப்போது இயற்கை எரிவாயுவிலிருந்தும் ஹைட்ரஜனைப் பிரித்துத்தான் யூரியா செய்கிறது. தமிழ்நாட்டில் ஹைட்ரஜனோடு இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊர்கள் குறைவு. சாம்பலில்லாத, கசிவில்லாத ஆற்றல் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை உண்மையா பொய்யா என்று சரியாகத் தெரிந்துகொள்ளும் உரிமை இந்த மக்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

முதலில் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு பேனாவும் காகிதத் துண்டும் போதும்.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். புரோட்டானின் இழுப்பால் எலக்ட்ரானின் ஆற்றல் 27.2 எலக்ட்ரான் வோல்ட் இறங்குகிறது. ஆனால் எலக்ட்ரான் ஒரு புள்ளியில் சும்மா உட்கார்ந்திருக்காது. சிறிய இடத்தில் அடைத்தால் திமிறும். அந்தத் திமிறலால் 13.6 ஏறுகிறது. நிகரமாக 13.6 இறக்கம். இதுதான் ஹைட்ரஜனின் அடிநிலை. இப்போது எலக்ட்ரானைப் பாதித் தூரத்துக்கு நெருக்கிப் பாருங்கள். இழுப்பு இரண்டு மடங்காகும், 54.4 இறங்கும். திமிறலோ நான்கு மடங்காகும், 54.4 ஏறும். நிகரம் பூஜ்யம். நெருங்கியதில் ஒரு பைசா லாபமில்லை; இருந்த 13.6-உம் போயிற்று. எலக்ட்ரான் ஏன் புரோட்டான் மேல் விழுந்துவிடுவதில்லை, நாம் ஏன் நசுங்காமல் இருக்கிறோம் என்பதற்கான விடை இந்த நாலு வரிக் கணக்கில் இருக்கிறது.

இந்தக் கணக்கை ராண்டெல் மில்ஸ் மறுத்தார். ஹார்வர்டில் மருத்துவம் படித்த அமெரிக்கர். 1991-இல் அவர் முன்வைத்த கருத்துப்படி, எலக்ட்ரான் என்பது புரோட்டானைச் சுற்றிய மெல்லிய கோள ஓடு. சரியான வினையூக்கி ஒன்று 27.2 எலக்ட்ரான் வோல்ட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால், அந்த ஓடு சுருங்கி 1/2, 1/3, 1/4 என்று 1/137 வரை இறங்கும். அப்படிச் சுருங்கிய ஹைட்ரஜனுக்கு ஹைட்ரினோ என்று பெயர் வைத்தார். முதல் படி இறங்கினாலே 40.8 எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஹைட்ரஜனை எரித்தால் ஓர் அணுவுக்குக் கிடைப்பது 1.5 எலக்ட்ரான் வோல்ட்தான். எங்கே 1.5, எங்கே 40.8! முதலீட்டாளர்கள் வந்ததில் வியப்பில்லை. பிளாக்லைட் பவர் என்றும் பிறகு பிரில்லியன்ட் லைட் பவர் என்றும் பெயர் மாறிய அவருடைய நிறுவனம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. கடையில் வாங்கிவந்து வீட்டில் வைக்கும்படி ஒரு கருவி இன்னும் வரவில்லை.

மில்ஸின் முதல் சோதனையில் மாயம் எதுவும் இல்லை. நிக்கல் தகடு, சாதாரணத் தண்ணீர், அதில் கரைத்த பொட்டாசியம் கார்பனேட், ஒரு மின்கலம். கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடியது. இந்தியாவில் செய்தும் பார்த்தார்கள்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1989 மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மனும் ஸ்டான்லி பான்ஸும், கனநீரில் பல்லேடியத்தை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவு நடக்கிறது என்று அறிவித்தார்கள். குளிர் இணைவு என்ற சொல் உலகெங்கும் பரவியது. மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர் பி.கே. ஐயங்கார். 1974 பொக்ரான் சோதனையில் முக்கியப் பங்காற்றியவர். அவர் காத்திருக்கவில்லை. பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் தனித்தனியாகச் சோதனையில் இறங்கின. நியூட்ரான் இயற்பியல் பிரிவின் தலைவர் மகாதேவ சீனிவாசன் முன்னணியில் இருந்தார். கல்பாக்கத்திலும் சோதனைகள் நடந்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஐயங்காரும் சீனிவாசனும் தொகுத்த அறிக்கை வந்துவிட்டது. பல கலங்களில் டிரிட்டியம் தோன்றியதாக அது சொன்னது. டிரிட்டியம் என்பது மூன்று மடங்கு கனமான ஹைட்ரஜன். அணுக்கரு வினை நடக்காமல் அது புதிதாக உண்டாகாது.

1990-களின் தொடக்கத்தில் அதே மையம் மில்ஸின் நிக்கல்–சாதாரண நீர்க் கலத்தையும் கையிலெடுத்தது. 1992-இல் ஜப்பானின் நகோயாவில் நடந்த மாநாட்டில், அந்தக் கலங்களில் கூடுதல் வெப்பமும் டிரிட்டியமும் கிடைத்ததாகச் சீனிவாசன் குழு அறிக்கை வைத்தது. பிறகு டிராம்பேயில் இந்த வேலை படிப்படியாக நின்றுபோனது. ஆனால் சீனிவாசன் விடவில்லை. 2011 பிப்ரவரியில் குளிர் இணைவுக்கான பதினாறாவது பன்னாட்டு மாநாடு சென்னையில் நடந்தபோது அதற்குத் தலைவராக இருந்தவர் அவர்தான். 2015-இல் பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயன்ஸ் இதழ் இந்தத் துறைக்கென ஒரு சிறப்புப் பகுதியை வெளியிட்டபோது, ஆண்ட்ரூ மியூலன்பர்க்கோடு சேர்ந்து அதைத் தொகுத்தவரும் அவரே.

1996-இல் எழுந்து பொய்யென்று ஆன மூலிகை பெட்ரோல் பரபரப்பைப் பார்த்த தமிழ்நாட்டு வாசகர்கள் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். அது நியாயமல்ல. இவர்கள் என்ன கருவியால் அளந்தோம், எவ்வளவு கிடைத்தது என்று எழுதி, பிறர் சோதிக்கத் திறந்துவைத்தவர்கள். எழுதிவைத்ததால்தான் தவறு எங்கே நுழைந்திருக்கலாம் என்று இன்று நம்மால் தேட முடிகிறது.

தவறு நுழையக்கூடிய ஓட்டை எது? கலத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

கலத்துக்கு 3 வோல்ட் அழுத்தத்தில் 1 ஆம்பியர் மின்சாரம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 3 வாட். அதில் ஒரு பகுதி தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கச் செலவாகிறது. அந்தச் செலவு 1 ஆம்பியருக்கு 1.48 வாட். குமிழிகள் மேலே ஏறி வெளியே போகும்போது அந்த 1.48 வாட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆகவே கலத்தைச் சூடாக்க மிஞ்சுவது 1.52 வாட் என்று ஆய்வாளர் குறித்துக்கொள்கிறார். தெர்மாமீட்டர் 2 வாட்டுக்கு உரிய சூட்டைக் காட்டுகிறது. அரை வாட் எங்கிருந்தோ வந்திருக்கிறது! புது ஆற்றல்!

ஆனால் குமிழிகள் எல்லாமே வெளியே போயினவா? ஆக்சிஜனில் ஒரு பகுதி கரைசலில் கரைந்து, நிக்கல் தகட்டருகே ஹைட்ரஜனோடு மறுபடி சேர்ந்து தண்ணீராகிவிட்டால், பிரிக்கக் கொடுத்த ஆற்றல் சூடாகத் திரும்பி வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தாலே அந்த அரை வாட் கிடைத்துவிடும். கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வந்ததை வருமானம் என்று நோட்டில் எழுதிக்கொண்டதுபோல ஆகும். 1995-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜோன்ஸ் உள்ளிட்ட குழு இதைச் சோதித்துக் காட்டியது. நிக்கல் கலங்களில் கூடுதல் வெப்பம் போலத் தெரிவதை இந்த மறுசேர்க்கையே விளக்கிவிடும் என்றது. சேர்க்கையைத் தடுத்தபோது கூடுதல் வெப்பமும் மறைந்தது. நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் 28 லிட்டர் கலம் ஒன்றை வைத்துப் பார்த்தது. 1996-இல் வந்த அதன் அறிக்கையும், கூடுதல் வெப்பம் போலத் தெரிவது உண்மைதான், ஆனால் மறுசேர்க்கையை ஒதுக்கித் தள்ள முடியவில்லை, ஆதாரம் போதாது என்று முடித்தது. வெளியேறும் வாயுவைத் துளித்துளியாக அளந்து, எதுவும் திரும்பச் சேரவில்லை என்று நிரூபிப்பதுதான் வழி. அலுப்பூட்டும் வேலை. இந்தத் துறையின் தலைவிதியை அந்த அலுப்பான வேலைதான் தீர்மானித்திருக்கிறது.

மணலி பக்கம் இன்னொரு சாட்சி இருக்கிறது. நாப்தாவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலைகளில் உலகெங்கும் பயன்பட்டுவரும் வினையூக்கி பொட்டாசியம் சேர்த்த நிக்கல். மில்ஸின் கலத்தில் இருந்த அதே மூன்று பேர்: நிக்கல், பொட்டாசியம், ஹைட்ரஜன். அந்த உலைகளில் எவ்வளவு சூடு போகிறது, எவ்வளவு வருகிறது என்று பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கணக்குப் பார்த்துத்தான் ஆலையை ஓட்டுகிறார்கள். ஒரு கூடுதல் அடுப்பு உள்ளே எரிந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். தனித்தனி அணுக்களாகப் பிரிந்த ஹைட்ரஜனும் வேறு சூழலும் வேண்டும் என்று மில்ஸ் தரப்பு பதில் சொல்லும். அதனால் இதை முடிவான மறுப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கனமான சாட்சி.

இனி விளக்கங்களின் சண்டைக்கு வருவோம். நிலவறை உண்டு என்பவர்களும் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை.

குவாண்டம் கோட்பாடே தவறு என்பது மில்ஸ் கட்சி. 2005-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ராத்கே, மில்ஸின் சமன்பாடுகளை வரிவரியாகப் படித்து, அந்தக் கோட்பாடு தனக்குள்ளேயே முரண்படுகிறது, அதன் சமன்பாட்டிலிருந்தே ஹைட்ரினோ பிறக்கவில்லை என்று காட்டினார். இன்னொரு கட்சி அதற்கு நேரெதிர். குவாண்டம் கோட்பாடு சரி, அதற்குள்ளேயே நிலவறைக்கு வழி இருக்கிறது என்கிறது. சார்பியலைச் சேர்த்து எழுதும்போது அந்தச் சமன்பாடுகளுக்கு இரண்டு விடைகள் வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நூறாண்டாகத் தூக்கிப்போட்டு வருகிறோம். தூக்கிப்போட்ட விடையை 1993-இல் மாலி, வாவ்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் திரும்ப எடுத்தார்கள். 2005-இல் பெல்ஜியத்தின் யான் நவுட்ஸும் எடுத்தார். அந்த விடைப்படி எலக்ட்ரான் அணுக்கருவை ஒட்டியே கிடக்கும்; இதுதான் ஆழ்நிலை. 500 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் வெளிவரும். மில்ஸ் சொல்லும் 40.8 எங்கே, இந்த 5 லட்சம் எங்கே. இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய பேச்சே அல்ல.

இந்த இரண்டாம் கட்சியில் நம்மவர் ஒருவர் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய கே.பி. சின்கா. மீகடத்தலை ஆராயும்போது, திடப்பொருளில் இரண்டு எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் ஜோடி சேர்ந்து ஒரே துகள்போல நடந்துகொள்ளலாம் என்று சொல்லி, அந்த ஜோடிக்கு லோகான் என்று பெயரிட்டிருந்தார். 2006-இல் மியூலன்பர்க்கோடு சேர்ந்து கரண்ட் சயன்ஸ் இதழில், பல்லேடியத்துக்குள் இந்த ஜோடி இரண்டு கன ஹைட்ரஜன் கருக்களுக்கு நடுவே நின்று அவற்றின் விலக்கலை மறைக்கலாம் என்று எழுதினார். பிறகு ஆழ்நிலை எலக்ட்ரானும் அந்தக் கதையில் சேர்ந்தது. எலக்ட்ரான் கருவை ஒட்டிக் கிடந்தால் அணு கிட்டத்தட்ட மின்னூட்டம் இல்லாத குட்டி உருண்டையாகிவிடும். இன்னொரு கருவை நெருங்கத் தடை இருக்காது. வெப்பமும் டிரிட்டியமும் ஒரே வீச்சில் விளங்கிவிடும். அழகான கற்பனை என்று மனமாரச் சொல்லலாம்.

நார்மன் டோம்பே என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் 2006-இல் கேட்ட ஒரே கேள்வி இந்த மாளிகையை ஆட்டிவிட்டது. புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையிலுள்ள இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் பிணைப்பு என்ன ஆக வேண்டும்? இல்லாமல் போக வேண்டும். கயிறு அறுந்த பிறகு படகு தளத்தில் கட்டிக் கிடக்குமா? ஆனால் ஆழ்நிலை விடையில் இழுப்பு குறையக் குறையப் பிணைப்பு வலுக்கிறது. மேலும் நவுட்ஸ் பயன்படுத்திய சமன்பாடு சுழற்சி இல்லாத துகளுக்கு உரியது. எலக்ட்ரானுக்குச் சுழற்சி உண்டு. அணுக்கருவைப் புள்ளியாக எடுக்காமல், உருவமுள்ள உருண்டையாக எடுத்தால் கோளாறு தீரும் என்று மியூலன்பர்க்கும் பிரான்சின் ஜான்-லூக் பாயேவும் வாதிட்டார்கள். பெரும்பாலோர் ஏற்கவில்லை.

மூன்றாவதாக ஸ்வீடனின் லீஃப் ஹோல்ம்லிட். சாதாரண ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு கருக்களுக்கும் இடையே 74 பைக்கோமீட்டர் இருக்கும். பொட்டாசியம் கலந்த இரும்பு ஆக்சைடின் மேல் தான் உருவாக்கிய அதிஅடர் ஹைட்ரஜனில் அது 2.3 பைக்கோமீட்டர்தான் என்கிறார். ஒரு கன சென்டிமீட்டர் நூறு கிலோவுக்கு மேல் கனக்குமாம். இதுவும் வேறொரு எண், வேறொரு படம்.

ஒரே நிலவறைக்குள் போய்வந்ததாகச் சொல்லும் மூன்று பேர், மூன்று வெவ்வேறு ஆழத்தைச் சொல்கிறார்கள். என் சந்தேகம் வலுப்பது இங்கேதான். கூகுள் நிறுவனம் பணம் கொடுத்து, 2015 முதல் முப்பது பேர் அளவில் ஆய்வாளர்கள் குளிர் இணைவை மறுபடி சோதித்தார்கள். 2019-இல் நேச்சர் இதழில் வெளியான முடிவு: அப்படி ஒன்று நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஜீட்டா பப்பிஸின் அரை எண் ஹைட்ரஜன் என்ன ஆனது? 1912-இல் லண்டனில் ஆல்ஃபிரட் ஃபவுலர், ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் அதே வரிசைக் கோடுகளை வரவழைத்தார். மறு ஆண்டு 27 வயது நீல்ஸ் போர், அது ஹைட்ரஜனே அல்ல, ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம் என்றார். ஹீலியம் கருவின் மின்னூட்டம் இரண்டு என்பதால் எண்கள் இரட்டிக்கும்; பாதியாகத் தெரிந்தவை உண்மையில் முழு எண்கள். மான்செஸ்டரில் எவான்ஸ், ஹைட்ரஜன் கலக்காத ஹீலியத்தில் அந்தக் கோட்டைக் காட்டினார். ஃபவுலர் விடவில்லை. போர் சொல்வதுபோல் இருந்தால் ஹீலியம், ஹைட்ரஜன் கோடுகளின் மாறிலிகளுக்கிடையே விகிதம் சரியாக 4 வர வேண்டும், அளந்தால் 4.0016 வருகிறதே என்றார். போர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அணுக்கருவும் கொஞ்சம் அசைகிறது. ஹீலியம் கரு ஹைட்ரஜன் கருவைவிடக் கனமானதால் குறைவாக அசைகிறது. அதைச் சேர்த்தால் 4.00163. ஃபவுலர் ஒப்புக்கொண்டார். நான்காம் தசமத்தில் அந்த வழக்கு தீர்ந்தது.

அந்த வழக்கின் நிழல் இன்னும் நீங்கவில்லை. மில்ஸின் முதல் படியான 40.8 எலக்ட்ரான் வோல்ட் ஒரே ஒளித்துகளாக வெளிவந்தால் அதன் அலைநீளம் 30.39 நானோமீட்டர். எலக்ட்ரான் இழந்த ஹீலியம் உமிழும் முதன்மைக் கோடு 30.38 நானோமீட்டர். சூரியனிலும் வானெங்கும் நிறைந்திருக்கும் கோடு அது. நூறாண்டுக்கு முன் பாதி ஹைட்ரஜன் என்று தோன்றியது ஹீலியமாக முடிந்ததுபோலவே, இன்றைய பாதி ஹைட்ரஜனும் ஹீலியத்தின் சாயலில்தான் வந்து நிற்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் வித்தியாசம் 0.012 நானோமீட்டர். அளக்க முடியாத அளவல்ல. ஃபவுலரின் காலத்திலேயே அதைவிட நுட்பமாக அளந்தார்கள்.

பின்னிரவு மூன்றரை மணிக்கு மேல் நெட்டுக்குப்பத்தில் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கும் நேரத்தில் ஜீட்டா பப்பிஸ் தென்மேற்கே சாய்ந்துவிடும். அந்தத் திசையில்தான் மணலி. ஆலைகளின் விளக்குகள் வானத்தைச் சிவக்க வைத்திருக்க, நட்சத்திரம் அந்த வெளிச்சத்துக்குள் இறங்கி மறையும்.